மலை கொடுத்த கடன் – 14
அருவிக்கு ஒரு நேர அட்டவணை

கொத்மலை ஓயாவை மறிக்காமல், செயின்ட் கிளேயர் அருவியைத் தொடாமல், மலையின் அடிவயிற்றுச் சூட்டையே மின்சாரமாக்க முடியாதா? இந்தக் கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஐஸ்லாந்தின் தலைநகரில் 1930 முதல் வெந்நீர் ஊற்றுகளால் வீடுகளைச் சூடேற்றுகிறார்கள். நமக்குத்தான் கன்னியா இருக்கிறதே, மஹாஓயா இருக்கிறதே என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

இருக்கின்றன. ஆனால் இலங்கையின் வெந்நீர் ஊற்றுகள் எல்லாம் கிழக்கிலும் தெற்கிலும் தாழ்நிலத்தில் இருக்கின்றன. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பெயர் சொல்ல ஒரு ஊற்று இல்லை. நம் மலைகள் எரிமலை பிறப்பித்தவை அல்ல, மிகப் பழைய உருமாறிய பாறைகள். மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான சூட்டை வாங்கிக்கொண்டு மேலேறி வருகிறது, அவ்வளவுதான். மஹாஓயாவின் நீர்கூடக் கொதிநிலைக்கு வெகு கீழேதான் நிற்கிறது. சாதாரணப் பாறையில் ஒரு கிலோமீட்டர் கீழே போனால் 25 முதல் 30 பாகை வரை வெப்பம் ஏறும். நல்ல நீராவி வேண்டுமானால் நான்கு, ஐந்து கிலோமீட்டர் துளைக்க வேண்டும். புவிவெப்பத் திட்டங்களில் பெரும்பணத்தை விழுங்குவது இந்தத் துளைதான். துளைத்த பிறகு கீழே போதிய நீரோட்டம் இல்லையென்றால் போட்ட முதல் அத்தனையும் பாறைக்குள் போய்விடும்.

ஒரு வருத்தம் மட்டும் எனக்கு உண்டு. தேயிலைத் தொழிற்சாலைக்கு மின்சாரத்தைவிட அதிகம் தேவைப்படுவது சூடு. கொழுந்தை வாட்டச் சூடான காற்று வேண்டும், ட்ரையருக்குள் 100 பாகையை ஒட்டிய காற்று வேண்டும். ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஆளுயரத்துக்கு அடுக்கிய விறகு, அடுப்பு வாயில் வியர்வையோடு நிற்கும் ஒருவர், கட்டை கட்டையாக உள்ளே போகும் யூகலிப்டஸ். அந்த இடத்துக்கு 60 பாகை வெந்நீர் வந்தால்கூட வாட்டும் வேலையில் பாதி முடியும். ஆனால் சூட்டைக் குழாயில் வெகுதூரம் கொண்டுபோக முடியாது. ஊற்று சமவெளியில், ஸ்டோர் மலை உச்சியில்.

ஆகவே மலையகத்துக்கு மிஞ்சியது தண்ணீர். 1912-இல் நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்த விமலசுரேந்திர, 1918-இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்த கணக்கு, 1950-இல் லக்ஷபானவில் 25 மெகாவாட்டாகப் பலித்ததையும், மவுசாகலை நீருக்குள் பழைய மஸ்கெலியா மூழ்கியதையும் முன்னைய வாரங்களில் பார்த்தோம். இனி தலவாக்கலை.

1980-களில் ஜப்பானிய உதவியோடு ஆய்வு செய்யப்பட்ட மேல் கொத்மலைத் திட்டம் காகிதத்தில் எளிமையானது. தலவாக்கலையில் ஆற்றை மறித்து, சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் தண்ணீரை இறக்கி, பூண்டுலோயாப் பக்கம் நிலத்துக்கடியில் உள்ள மின் நிலையத்தில் 150 மெகாவாட் எடுப்பது. அங்கிருந்து வெளியேறும் தண்ணீர் 1985-இலேயே கட்டி முடிந்த கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போய், பிறகு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று மறுபடி மறுபடி உழைக்கும். ஒரே தண்ணீர் மலை இறங்க இறங்கப் பலமுறை சம்பாதிக்கிறது. பொறியியலாளர்களுக்கு இந்தத் திட்டத்தின் மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை.

ஆனால் தலவாக்கலைக்கும் பூண்டுலோயாவுக்கும் இடையில் அந்த ஆறு சும்மா ஓடவில்லை. செயின்ட் கிளேயராக விழுந்துகொண்டிருந்தது. 80 மீட்டர் உயரம், அகலமான வெள்ளைத் திரை. ஹட்டன்–நுவரெலியா பாதையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கும் அருவி அது. கிளை ஓயாக்களையும் சுரங்கத்துக்குள் திருப்பும் முதல் வரைவைப் பார்த்தவர்கள் ஏழு அருவிகள் வற்றும் என்று அஞ்சினார்கள். சுற்றாடல் அமைப்புகள் எதிர்த்தன. மலையகத்தின் அரசியலும் எழுந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும், தலவாக்கலையைத் தளமாகக் கொண்ட சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணியும் எதிர்ப்புக் குரல் கொடுத்தன.

1990-களின் நடுவில் எவரும் எதிர்பாராதது நடந்தது. சுற்றாடல் தாக்க அறிக்கையைப் பரிசீலித்த மத்திய சுற்றாடல் அதிகார சபை திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. அரச நிறுவனம் ஒன்றின் பெருந்திட்டத்தை இன்னொரு அரச நிறுவனம் தடுத்து நிறுத்தியது! அருவி பிழைத்தது என்று பலரும் மூச்சு விட்டார்கள்.

பிறகு 1996 வந்தது. மழை ஏமாற்றியது. நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரிலிருந்து வந்த காலம் அது. நீர்த்தேக்கங்கள் வறண்டன, நாடெங்கும் நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு. தொழிற்சாலைகள் டீசல் இயந்திரங்களை வாங்கிக் குவித்தன. இருட்டில் இருந்த நாட்டிடம் அருவியைப் பற்றிப் பேசுவது கடினமாயிற்று. இலங்கை மின்சார சபை மேன்முறையீடு செய்தது. வழக்குகளும் விசாரணைகளும் கடந்து, நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. 2002-இல் ஜப்பான் ஏறத்தாழ 3,326 கோடி யென் கடன் தர ஒப்பந்தமானது. 2012-இல் மின்சாரம் பிறந்தது.

இப்போது தராசைத் தூக்குவோம். மின்சாரத் தட்டு கனமானது. ஆண்டுக்கு சுமார் 40 கோடி யூனிட் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. இதை டீசலில் எடுத்தால் யூனிட்டுக்குக் கால் லிட்டர் என்று வைத்தாலும் ஆண்டுக்குப் பத்துக் கோடி லிட்டர் எரிய வேண்டும். அத்தனையும் டாலர் கொடுத்து வாங்குவது. மேல் கொத்மலையைக் கைவிட்டிருந்தால் அந்த இடத்தை நுரைச்சோலையின் நிலக்கரியோ கப்பலில் வரும் எண்ணெயோ நிரப்பியிருக்கும், காற்றும் கெட்டிருக்கும். அணையின் பின்னால் தேங்குவதோ வெறும் எட்டு லட்சம் கன மீட்டர். கீழே கொத்மலையில் தேங்கும் 17 கோடிக்கு மேற்பட்ட கன மீட்டரோடு ஒப்பிட்டால் ஒரு கைப்பிடி. மவுசாகலையைப் போல ஒரு ஊரையே மூழ்கடிக்கவில்லை. திட்டம் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மற்றத் தட்டில் அருவி இருக்கிறது. நிபந்தனைப்படி செயின்ட் கிளேயருக்குப் பகலில் சுமார் பத்து மணி நேரம் அளந்து தண்ணீர் விடப்படுகிறது. மழைக்காலத்தில் மலையே உருண்டு வருவது போல் இரைந்த அருவி, அலுவலக நேரம் பார்த்து ஓடுகிறது. சுற்றுலாப் பயணியின் புகைப்படத்துக்கு அது போதும். இரவெல்லாம் அருவியின் ஓசை கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன நட்டஈடு கொடுப்பது? அந்த இழப்புக்கு எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் ஒரு பத்தி கிடையாது.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சுமார் 500. அவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. இங்கேதான் நம் மலையகத்தின் பழைய காயம் கணக்குக்குள் வருகிறது. தொழிலாளிக்கு லயத்துக் காம்பிரா சொந்தமில்லை, அதன் முன்னால் மரக்கறி நட்ட துண்டு நிலமும் சொந்தமில்லை. நட்டஈடு என்றால் உறுதி எங்கே, பத்திரம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். நான்கு தலைமுறை வாழ்ந்ததற்குப் பத்திரம் ஏது? இந்தத் திட்டத்தில் அவர்களுக்கும் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. லயத்தை விட்டுத் தனிக் கூரைக்கு வந்ததை நான் சிறிதாக மதிக்கவில்லை. ஆனால் ஒரு அணை வந்தால்தான் தொழிலாளிக்கு வீடு என்றால், அணை வராத தோட்டங்களில் இருப்பவர்கள் யாரைக் கேட்பது?

இன்னொன்று, வண்டல். செங்குத்துச் சரிவில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடும் தோட்டங்களிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கொத்மலை ஓயாவுக்கு இறங்குகிறது. இவ்வளவு சிறிய தேக்கத்தில் மண் சேர்ந்தால் பகலுக்கும் இரவுக்கும் தண்ணீரைச் சேமித்து வைக்க இடம் குறையும். மகாவலியில் பொல்கொல்லை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பாதிக்குச் சற்றுக் குறைவு, திறந்து பன்னிரண்டு ஆண்டுகளிலேயே மண்ணால் நிரம்பியது. ஆகவே போட்ட முதல் எப்போது திரும்பும் என்பதை டர்பைன் மட்டும் தீர்மானிப்பதில்லை. மேலே பயிர் செய்கிறவரும், கானுக்கு ஓரமாய்ப் புல் வைத்து மண்ணைப் பிடிக்கும் தொழிலாளியும் தீர்மானிக்கிறார்கள். அவர்களுக்கு மின்சாரத்தின் வருமானத்தில் ஒரு சதமாவது போகிறதா? போக வேண்டும். யூனிட்டுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அந்த நீர்ப்பிடிப்பின் மண்ணுக்கும் அங்குள்ள லயங்களுக்கும் செலவிட்டால்தான் இந்த முதலீடு முழுதாகத் திரும்பும் என்பது என் உறுதியான கருத்து. லக்ஷபான கொழும்பை வெளிச்சமாக்கிப் பல பத்தாண்டுகள் கழிந்தும் அதே மலையின் காம்பிராக்களில் குப்பி விளக்கு எரிந்தது. அந்தப் பாக்கியை இன்னும் எவரும் தீர்க்கவில்லை.

மேல் கொத்மலையில் ஒன்று மட்டும் எல்லோரையும் தைரியப்படுத்தியது. மலைக்குள் நீண்ட சுரங்கம் வெட்டலாம், வெட்டி முடிக்கலாம் என்ற நம்பிக்கை. அதே நம்பிக்கையோடு பதுளை மாவட்டத்தில் இன்னொரு சுரங்கம் தொடங்கியது. உமா ஓயா, 120 மெகாவாட். ஈரானிய நிறுவனம் பொறுப்பேற்றிருந்தது. பாரிய துளை இயந்திரம் பண்டாரவளை மலைகளுக்கடியில் இரவு பகலாகப் பாறையைக் கடைந்து முன்னேறியது.

2014 டிசம்பர். நத்தார் நெருங்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் முன்னிருந்த பாறை விரிசல் விட்டது. உள்ளே பல காலம் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் சுரங்கத்துக்குள் பீறிட்டுப் பாய்ந்தது. அதைக் கற்களாலும் சிமெந்தாலும் அடைக்க ஆட்கள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், மலைக்கு மேலே வாழ்ந்தவர்களுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. வழக்கம்போல் வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்கள். வாளி தரையில் மோதியது.

அடுத்தடுத்த கிணறுகளும் வற்றின. பிறகு சுவர்களில் கோடுகள் விழத் தொடங்கின. அந்தத் தண்ணீர் யாருடையது, அதற்கு விலை கொடுக்கப்போவது யார்?

(தொடரும்)