அலையாத்திக் காடுகளும் செயற்கைக்கோள் சான்றுகளும்: காவிரிக் கழிமுக வன மேலாண்மை குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காவிரிக் கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளை அளவிடவும் மீட்கவும் தொலையுணர்வுத் தரவுகள் பயன்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. செயற்கைக்கோள் படங்கள் மாற்றத்தைக் காட்டுகின்றன. காரணத்தை ஆவணங்களும் களஆய்வுமே காட்டுகின்றன என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: முத்துப்பேட்டை, பிச்சாவரம், அலையாத்தி, தொலையுணர்வு, காட்டுத்தீ, கஜா புயல்.

முன்னுரை

தஞ்சைப் பகுதி நெல்வயல்களால் அறியப்படுவது. எனினும் காவிரியின் கிளைகள் கடலைச் சேரும் விளிம்பில் காடும் உண்டு. பாமணியாறு, கோரையாறு முதலியன சேரும் முத்துப்பேட்டைக் காயலைச் சூழ்ந்த அலையாத்திக் காடும், கொள்ளிடமும் வெள்ளாறும் கடலைச் சேரும் பகுதியிலுள்ள பிச்சாவரக் காடும் அவற்றுள் முதன்மையானவை. சேறும் ஓதமும் நிறைந்த இக்காடுகளை நடந்து அளப்பது அரிது. ஆதலின் வானிலிருந்து அளக்கும் முறை இங்குத் தனிச் சிறப்புப் பெறுகிறது.

படங்களுக்கு முந்திய வரலாறு

முத்துப்பேட்டைக் காடுகள் தஞ்சை மராத்திய மன்னர்கள் நிறுவிய சத்திரங்களின் நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்தன. அவற்றின் வருவாய் அறச்செலவுகளுக்குப் பயன்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முற்றாக வெட்டும் கூப்பு முறை நடைமுறைக்கு வந்தது. அது 1970கள் வரை தொடர்ந்தது.

வெட்டப்பட்ட இடம் தானே தழைக்கும் என்பதே அம்முறையின் அடிப்படை. கழிமுகத்தில் அது பொய்த்தது. நிழலிழந்த சேற்றுநிலம் காய்ந்து தாழ்ந்து தொட்டி போலாயிற்று. அதில் புகுந்த ஓதநீர் வெளியேறாமல் தேங்கி ஆவியாகி உப்பைச் செறிவாக்கியது. உவர்ப்பைத் தாங்கவல்ல வெண்கண்டலும் அங்கு முளைக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தபின் ஆற்றின் நன்னீர் வரத்து மாறியதும் கருதத்தக்கது.

நில வளங்களை ஆராயும் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. எனவே அவ்வரிசையின் மிகப் பழைய படமும் பல பதின்ஆண்டுகள் வெட்டப்பட்ட காட்டையே காட்டும். அதனை இயற்கை நிலையாகக் கொண்டு இழப்பைக் கணக்கிடுவோர் உண்மையான இழப்பைக் குறைத்தே மதிப்பிடுவர். இவ்விடத்தில் சத்திர, வன ஆவணங்கள் இன்றியமையாதனவாகின்றன.

எண்களை வாசித்தல்

இந்திய வன அளவீட்டு நிறுவனத்தின் அறிக்கைகளில் தமிழ்நாட்டு அலையாத்திப் பரப்பு 1987இல் 23 சதுர கிலோமீட்டர், 1989இல் 47, 1993இல் 21. ஈராண்டில் காடு இருமடங்காக வளர்ந்து, நான்காண்டில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது என இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. முதல் அறிக்கை ஏறத்தாழ 80 மீட்டர் பிரிதிறன் கொண்ட படங்களையும், இரண்டாவது 30 மீட்டர் பிரிதிறன் கொண்ட படங்களையும் பயன்படுத்தின. முன்னதில் 400 எக்டேருக்குக் குறைந்த காட்டுத்துண்டுகள் வரைபடத்தில் இடம்பெறவில்லை. பின்னதில் அவ்வரம்பு 25 எக்டேராயிற்று. கால்வாய்க் கரையோரம் குறுகிய பட்டையாக வளரும் அலையாத்திக்கு இவ்வேறுபாடு பெரிது. ஓதம் உயர்ந்த வேளையில் எடுத்த படத்தில் இளங்கன்றுகள் நீருள் மறைவதும், விளிம்பிலுள்ள சீமைக் கருவேலம் பசுமையால் மயக்குவதும் பிற இடர்ப்பாடுகள்.

மீட்பும் மதிப்பீடும்

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் உள்ளூர் மக்களுடன் இணைந்து, தேங்கிய நீரை வடிக்க மீன்முள் வடிவக் கால்வாய்களை வெட்டின. ஓதம் வந்து மீண்டதால் உப்பு குறைந்தது, கன்றுகள் நிலைத்தன. பிச்சாவரத்தில் 1986, 2002 ஆகிய ஆண்டுகளின் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகக் கண்டது. படம் வளர்ச்சியை உறுதிசெய்தது. நீர் தேங்கிய காரணத்தை நிலத்தில் நின்றவர்களே கண்டறிந்தனர்.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மற்றொரு விவாதம் எழுந்தது. கடலூர் மாவட்டக் கடற்கரையின் முன்பின் படங்களை ஒப்பிட்டு, மரங்கள் அலையின் சேதத்தைக் குறைத்தன என 2005இல் ‘சயின்ஸ்’ இதழ்க் கட்டுரை கூறியது. இதே கடற்கரை குறித்த வேறோர் ஆய்வின் தரவுகளை மறுபகுப்பாய்வு செய்தோர், கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே உயிரிழப்பு வேறுபாட்டைப் பெரிதும் விளக்குவதாக மறுத்தனர். காட்டின் அருகே சேதம் குறைவு என்பது காட்டினால் குறைந்தது என்பதாகாது.

தீயும் புயலும்

2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்து கழிமுகக் காடுகளைச் சிதைத்தது. இருவகைச் சேதத்தையும் அளக்கும் அடிப்படை ஒன்றே: பசிய இலை சிவப்பொளியை ஈர்த்து அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பும், இலை அழிந்தால் அவ்வேறுபாடு சுருங்கும். ஆயினும் இலையுதிர்ந்த மரமும் இறந்த மரமும் உடனடிப் படத்தில் ஒத்தே தோன்றும். பல பருவப் படங்களே அவற்றைப் பிரித்தறிய உதவும்.

எரியும் தீயை வெப்ப உணரிகள் காட்டுகின்றன. வன அளவீட்டு நிறுவனம் 2004 முதல் இவ்வகையில் தீப்புள்ளிகளைக் கண்டறிந்து அறிவித்து வருகிறது. உணரிக்கு வெப்பமே தெரியும். வயலில் எரியும் தாளும் அதற்குத் தீப்புள்ளியே. வன எல்லை வரைபடத்துடன் பொருத்திய பின்னரே அது காட்டுத்தீச் செய்தியாகும். குறித்த வேளைகளில் மட்டும் கடந்து செல்லும் செயற்கைக்கோள் களக்காவலுக்கு மாற்றாகாது.

முடிவுரை

கழிமுகக் காடுகளின் அண்மைக்கால வரலாற்றிற்குச் செயற்கைக்கோள் படம் முதன்மைச் சான்றாகும். எனினும் ஏனைய சான்றுகளைப் போன்றே அதற்கும் காலமும் அளவும் எல்லையும் உண்டு. எந்த ஆண்டின் நிலைக்குக் காட்டை மீட்பது, எவ்விடத்தில் கால்வாய் வெட்டுவது என்னும் முடிவுகள் இவ்வாசிப்பைச் சார்ந்தவை. சத்திர ஆவணங்களைக் கற்ற வரலாற்றாய்வாளரும் படத்தைப் பகுக்கும் வல்லுநரும் ஓதத்தை அறிந்த மீனவரும் ஒரே வரைபடத்தின் முன் கூடுவது அதற்குரிய வழியாகும்.