தாய்வீடு இல்லாத தலைப்பிரசவம்

லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டால் முதலில் எழுப்பப்படுபவர் யார்? புருஷன் அல்ல, பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர் எழுந்து அடுப்பில் வெந்நீர் வைத்த பிறகுதான் மருத்துவச்சிக்கு ஆள் போகும். நிலைமை மோசமானால்தான் டிரெஸ்ஸர் வீட்டுக் கதவு தட்டப்படும். புருஷன் வாசலில் பீடியோடு நிற்பார். விடிந்தால் அவருக்குப் பெரட்டு. மலாக்காத் தோட்டங்களில் பிறந்த மூத்த தலைமுறையினர் பலர் இப்படித்தான் உலகத்துக்கு வந்தார்கள்.

மலாயா ரப்பர் வரலாற்றில் மலாக்காவுக்கு முதலிடம் உண்டு. 1896ஆம் ஆண்டு டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். அடுத்து புக்கிட் ஆசஹானில் காடு அழிக்கப்பட்டது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் தமிழகத்திலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். தொடக்கத்தில் ஆண்களே அதிகம், பெண்கள் குறைவு.

வந்த பெண்கள் இழந்தவற்றில் பெரியது தாய்வீடு. ஊரில் வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பிரசவம், பத்தியம், தூக்கம் எல்லாம் அங்கேதான். அதை வெறும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. உழைக்கும் பெண்ணுக்குச் சமுதாயம் கொடுத்த ஓய்வு விடுமுறை அது. இங்கோ அம்மா கடலுக்கு அப்பால் இருந்தார். வயிற்றுப் பிள்ளையோடு விடியுமுன் எழுந்து, காண்டாவாளி சுமந்து, பால்மரம் வெட்டப் போக வேண்டும். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

இதில் நோயும் சேர்ந்துகொண்டது. மலேரியாக் காய்ச்சல் கர்ப்பத்தைக் கலைத்தது. வெறுங்காலில் நடந்தவர்களின் உடம்பில் கொக்கிப்புழு ஏறி இரத்தத்தை உறிஞ்சியது. சோகை பிடித்த உடம்பு பிரசவ இரத்தப்போக்கைத் தாங்காது. 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடியவைத்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கியதைக் காய்ச்சல் ஒழிப்பு வரலாற்றில் எழுதுகிறார்கள். தாய்மார் வரலாற்றிலும் அது எழுதப்பட வேண்டிய பெயர்.

அம்மா இல்லாத இடத்தில் லயமே தாய்வீடானது. ஒரு வீட்டில் பிரசவம் என்றால் பத்து வீட்டுப் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம் இடித்த 'செலவு' ஒரு வீட்டிலிருந்து வரும். பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் இன்னொரு வீட்டிலிருந்து. தோட்டத்தை ஒட்டிய கம்போங்கிலிருந்து மலாய்க்கார பீடான் வந்து உடம்பு பிடித்துவிட்டு, வயிற்றில் பெங்கோங் துணி கட்டிவிட்டுப் போனதும் உண்டு. பச்சை உடம்புக்காரியைத் தனியே விடக் கூடாது என்பது லயத்தின் எழுதாத சட்டம். மனச்சோர்வு என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதற்கான மருந்து தெரிந்திருந்தது.

ஆனாலும் பாட்டி வைத்தியம் எல்லாம் பொன் என்று சொல்லிவிட முடியாது. பழைய பிளேடால் தொப்புள்கொடி அறுத்ததும், தொப்புளில் சாம்பல் வைத்ததும் சிசுக்களுக்கு ஜன்னியைக் கொண்டுவந்தன. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பால் கொடுக்கும் தாயை வாட்டியது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய பழக்கமும் அப்படித்தான்.

சட்டம் மெல்லத்தான் வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டங்கள் பிரசவப் படியைப் பற்றிப் பேசின. ஆயாக் கொட்டகைகள் வந்தன. தாய் மரம் வெட்டப் போனால் பிள்ளை சேலைத் தொட்டிலில் ஆயாவின் கையில். பசித்து அழுதால்? டின் பால்தான். அந்த டின் பாலைப் பற்றி 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் பேசிய பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. இனிப்பூட்டிய கெட்டிப் பாலைச் சிசுக்களுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்து சாகடிப்பதைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்றார் அவர். மேடையில் உட்கார்ந்திருந்த சங்கத் தலைவரே ஒரு பால் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பது கூடுதல் சுவை.

பின்னர் ஜப்பானியர் காலம். ஆண்கள் சயாம் மரண ரயிலுக்குப் போனார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிள்ளை பெற்ற பெண்களுக்கு லயம்தான் துணை நின்றது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60 நாள் பிரசவ விடுப்பு பல பத்தாண்டுகள் மாறாமல் நின்றது. 1950களிலிருந்து அரசாங்கம் கிராமந்தோறும் தாய்சேய் நல நிலையங்களையும் மருத்துவச்சி நிலையங்களையும் கட்டியது. தோட்டமோ முதலாளியின் பொறுப்பு என்று பெரும்பாலும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றது. ஆயினும் நாட்டளவில் மாற்றம் பெரிது. சுதந்திரம் பெற்ற காலத்தில் 1 லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தார்கள். 1990களில் அது ஐம்பதுக்கும் கீழே வந்தது. பயிற்சி பெற்ற மிஸிகளும் இரத்த வங்கியும் சாலையும் சேர்ந்து செய்த வேலை இது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் உடைந்தன. டுரியான் துங்கால், பத்து பிரெண்டாம் தாமான்களுக்குக் குடிவந்த இளம் தம்பதியருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் போவதுண்டு. இரண்டாவது முறையாகத் தாய்வீடு போய்விட்டது. அந்த இடத்தை யார் நிரப்புவது? இம்முறை புருஷன்தான். சட்டமும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் தாய்க்கு 98 நாள் விடுப்பு, தந்தைக்கு 7 நாள். ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவ நாளுக்கு 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும்.

அந்தப் புருஷனுக்குச் சில வேலைகள் உண்டு. மூன்று மாதம் முடியுமுன் மனைவியைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போய்ப் பதியலாம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்க விடக் கூடாது. தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. நம்மவர்களிடையே இனிப்புநீர் அதிகம் என்பதால் சர்க்கரைப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்கக் கூடாது. இடப்பக்கம் சாய்ந்து படுக்க முதுகுக்கும் காலுக்கும் தலையணை வைப்பதும் அவர் வேலையே. 'செலவு' அரைக்கத் தெரியாவிட்டால் கடையில் கிடைக்கிறது. தண்ணீரை மட்டும் நிறுத்தாமல் கொடுக்கட்டும்.

மருத்துவமனைப் பையில் கைலியும் குழந்தைத் துணியும் யார் சொல்லாமலும் ஏறிவிடும். விட்டுப்போவது காகிதம்தான். லயத்தில் பிறந்த எத்தனையோ பேர் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடப்பட்டு, சிவப்பு அடையாள அட்டையோடும் அதுவும் இல்லாமலும் அலைந்த கதை நமக்குப் புதிதல்ல. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயின் வழியே பார்க்கப்படும். தாயிடம் நீல அட்டை இல்லையென்றால் பிள்ளை நாடற்றதாகும் அபாயம் உண்டு. ஆகவே பையில் கர்ப்பகாலப் புத்தகத்துக்கும் இருவரின் அடையாள அட்டைக்கும் பக்கத்தில் திருமணப் பத்திரமும் இருக்கட்டும். அந்த 7 நாளில் ஒரு நாளைப் பதிவு இலாகாவுக்கு ஒதுக்கிவிட்டால், பிள்ளை வீடு வந்த வாரமே பிறப்புப் பத்திரத்துக்கு மனு போட்டுவிடலாம்.