ஆஞ்சியோபிளாஸ்டி

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து ஏற்படும் அடைப்பை, நெஞ்சைத் திறக்காமல் பலூனால் விரித்துச் சரிசெய்யும் முறை. ‘அடைப்பை எடுத்துவிட்டார்கள்’ என்பது பேச்சு வழக்கு. உண்மையில் எதையும் எடுப்பதில்லை. படிவு குழாயின் சுவரோடு நசுக்கி ஒதுக்கப்படுகிறது, அவ்வளவே.

மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்துவார்கள். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மயிரிழைக் கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டி நுழைத்து, அதன்மேல் பலூனை ஓட்டி ஊதுவார்கள்.

இந்த எண்ணம் காலில் தொடங்கியது. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில், அழுகத் தொடங்கிய காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனியை, சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் குழாய்களைச் செருகியே அகலமாக்கினார். கால் பிழைத்தது. ஆனாலும் அவர் நாட்டு அறுவை மருத்துவர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐரோப்பாவில் அதைக் கற்ற ஆந்திரேயாஸ் குருன்ட்சிக், தம் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன்களை ஒட்டிச் செய்துபார்த்தார். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில், 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியில் முதன்முதலாக ஊதினார். பத்தாண்டு கழித்துச் சோதித்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது. அதைக் காண குருன்ட்சிக் இல்லை. 1985இல் விமான விபத்தில் இறந்திருந்தார். அவரிடம் பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் இந்தியாவில் இச்சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். சென்னையில் நெடுங்காலம் பணியாற்றினார்.

எல்லாருக்கும் அந்த முதல் நோயாளியின் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பலூனை எடுத்ததும் சில தமனிகள் மூடிக்கொண்டன. ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஆறு மாதத்துக்குள் மறுபடி சுருங்கியது. முட்டுக்கொடுக்க வந்ததுதான் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழல். 1986இல் பிரான்சின் துலூஸில் ஜாக் புவெல் அதை மனித இதயத் தமனியில் முதலில் பொருத்தினார். முட்டு நின்றது, ஆனால் உலோகத்தைச் சுற்றித் திசு வளர்ந்து மீண்டும் அடைத்தது. அதைத் தடுக்கச் சிரோலிமஸ் பூசிய ஸ்டென்ட் 2002இல் ஐரோப்பாவிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த மருந்து அது! திசு வளர்ச்சி அடங்கியது. கூடவே, உலோகத்தின்மேல் உட்தோல் படர்வதும் தாமதமானது. அதுவரை அங்கே ரத்தம் உறையலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு மாத்திரையையும் பல மாதங்கள் விழுங்குவது இதனால்தான். தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது இச்சிகிச்சை உயிர்காப்பது. அங்கே நிமிடங்கள்தாம் கணக்கு. நடந்தால் மட்டும் நெஞ்சு வலிக்கிற, நிலையான நோயில் கதை வேறு. 2007இல் வெளியான ‘கரேஜ்’, 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வுகளின்படி, மருந்தோடு ஸ்டென்டும் வைப்பது வலியைக் குறைத்தது, இறப்பைக் குறைக்கவில்லை. ஆஞ்சியோ படத்தில் தெரியும் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஸ்டென்ட் வேண்டியதில்லை என்பதை இந்தியக் குடும்பங்கள் இன்னும் கேட்டுப் பழகவில்லை.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு வெறும் உலோக ஸ்டென்டுக்கு ரூ.7,260, மருந்து பூசியதற்கு ரூ.29,600 என, வரி நீங்கலாக, உச்சவிலை வைத்தது. அதற்குமுன் ஒரு ஸ்டென்டுக்கு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் பலர். இந்த வரம்பு ஸ்டென்டுக்கு மட்டுமே. மருத்துவமனைக் கட்டணம் இதில் அடங்காது.