கனகராயன் ஆற்றின் இரு முனைகள்

கிளிநொச்சி நகருக்கு மேற்கே, அண்மையில் அமைந்த ஊர் உருத்திரபுரம். பழைமை வாய்ந்த சிவாலயத்தால் பெயர் பெற்ற அவ்வூரிலே எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று குடியிருப்புகளை எண்ணாற் குறிப்பது வழக்கம். ஊர்ப்பெயர் இருக்க வாய்க்காலின் எண் வழங்குவது அயலார்க்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வூரின் அண்மைக்கால வரலாறு அந்த எண்ணிலேயே அடங்கியிருக்கிறது. காடாய்க் கிடந்த நிலத்தை வயலாக்கியது வாய்க்கால். வாய்க்காலுக்கு நீர் அளிப்பது இரணைமடுக் குளம்.

வவுனியாப் பக்கத்திலே தோன்றி வடக்கு நோக்கி ஓடிவரும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது அக்குளம். 1902 ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. பின்னர்ப் பன்முறை அணைக்கட்டு உயர்த்தப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றம் நிறுவப்பட்டது. பாலையும் முதிரையும் வீரையும் நின்ற காடுகள் படிப்படியாக வெட்டப்பட்டன.

குளத்தில் மிஞ்சிய நீர் வடக்கே சென்று சுண்டிக்குளக் கடனீரேரியில் கலக்கின்றது. அங்கே பூநாரையும் கூழைக்கடாவும் நாரையினங்களும் கூடுகின்றன. 1937 இல் இலங்கையில் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றின் ஒரு பக்கத்தில் 1936 இல் குடியேற்றம். மறு முனையில் 1938 இல் சரணாலயம். இரண்டும் ஒரே அரசின் செயல்கள்; இரண்டுக்கும் நீர் ஒன்றே. ஆனால் அவ்விரண்டுக்கும் வகுக்கப்பட்ட வழி வேறு. குடியேறியவனுக்கு நிலம் உண்டு, நீர் உண்டு, அரசின் உதவியும் உண்டு. பறவைகளின் அருகே வாழ்ந்த மீனவனுக்கும் உழவனுக்கும் கிடைத்ததோ தடைகளின் பட்டியல். காட்டை அழிப்பதற்கு ஊதியம் இருந்தது. காப்பதற்கு இருந்தது தண்டனை மட்டுமே. அயலில் வாழ்ந்தோரைக் காவலிற் பங்காளிகளாக்கும் எண்ணம் அச்சட்டத்தை இயற்றியோர்க்கு எழவில்லை.

அத்தகைய எண்ணம் அக்காலத்தார்க்கு எட்டாதது என்று சொல்லிவிடவும் இயலாது. அதற்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே பாக்குநீரிணைக்கு அப்பால், செங்கற்பட்டுச் சீமையிலே அது கைக்கொள்ளப்பட்டிருந்தது. வேடந்தாங்கல் என்னும் சிற்றூரின் ஏரி ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புடையது. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. வேடர் தங்குமிடம் என்று பெயர் பெற்ற ஊர் பறவைகளின் புகலிடமானது விந்தையே. அங்கே வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடத் தொடங்கியபோது ஊரார் திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். லயனல் பிளேஸ் என்னும் அக்கலெக்டர் 1798 ஆம் ஆண்டளவில் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கே உரியது என்பது அதன் சாரம். 1858 இல் அக்கவுல் புதுப்பிக்கவும் பட்டது.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது, ஊரார் ஏன் பறவைகளைக் காத்தனர் என்பதே. அன்பும் இருந்திருக்கும், ஆனால் அன்பு மட்டுமன்று. பறவைகளின் எச்சம் ஏரியிலே கரைந்து அந்நீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரமாகிறது. காவலுக்கு அரசு காசு கொடுக்கவில்லை, பறவைகளே கொடுத்தன. அரசு கொடுத்தது ஒரு துண்டுக் காகிதம். அந்தக் காகிதமே பெரிது. வெளியான் ஒருவன் துப்பாக்கியோடு வரும்போது "போ" என்று சொல்லும் வலிமையை ஊரானுக்கு அளித்தது அதுதான். தீபாவளியன்று வெடி கொளுத்தாத வழக்கத்தை எவரும் அவர்கள்மீது சுமத்தவில்லை. சென்னை மாநகரம் தெற்கே வளர்ந்து நெருங்கிய காலத்திலும் ஏரி பிழைத்தது. சரணாலயத்தின் எல்லையை ஐந்து கிலோமீற்றரிலிருந்து மூன்றாகச் சுருக்க 2020 இல் ஒரு முன்மொழிவு எழுந்தபோது ஊராரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தனர், அம்முன்மொழிவு நிறைவேறவில்லை. 2022 இல் அவ்வேரி ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

இலங்கையிலோ இதற்கு எதிரான பாடமும் உண்டு. மகாவலித் திட்டத்தின்போது 1983 இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பெரும் பொருட்செலவில் நடந்த திட்டம் அது. அக்காட்டின் ஆதிக்குடிகளான வேடர்கள் தேன் எடுத்த மரங்களும் வேட்டையாடிய வெளிகளும் பூங்காவின் எல்லைக்குள் அடங்கிவிட்டன. பல குடும்பங்கள் வேறிடங்களிற் குடியேற்றப்பட்டன. முதுபெருந் தலைவர் திசாகாமி தம்மைச் சார்ந்த சிலரோடு தம்பானையை விட்டு நீங்க மறுத்தார். 1998 இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். காட்டை அறிந்தவன் காட்டிலே அத்துமீறி நுழைபவனாக எண்ணப்பட்டான். பணம் குறைந்ததால் நேர்ந்த தவறன்று இது.

உலக நாடுகளும் இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தன. 2021 இல் கிளாஸ்கோ நகரிற் கூடிய காலநிலை மாநாட்டில், ஆதிக்குடிகளும் உள்ளூர்ச் சமூகங்களும் காடுகளைக் காத்தற்கென 170 கோடி அமெரிக்க டொலர் தருவதாகச் சில அரசுகளும் அறநிறுவனங்களும் வாக்களித்தன. மறு ஆண்டு வெளிவந்த அறிக்கையின்படி, முதலாண்டிற் கொடுக்கப்பட்ட தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடே அம்மக்களின் அமைப்புகளை நேரே சென்றடைந்தது. மற்றது இடைநின்ற நிறுவனங்களின் வழியே சென்றது. வாய்க்கால் நீண்டால் கடைமடைக்கு நீர் குறையும் என்பதை உருத்திரபுரத்து உழவனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அவ்வுழவனும் அவனையொத்தோரும் தம் குரலை எழுப்பிய நிகழ்ச்சியொன்று அண்மைக்காலத்தது. போர் ஓய்ந்தபின், 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் ஏற்கப்பட்டது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்திற்குக் கொண்டு செல்வது அதன் முதல் நோக்கம். நகரத்தின் தாகம் மெய்யானது. குடாநாட்டின் கிணறுகள் உவர்ப்பதும் மெய். எனினும் கிளிநொச்சி விவசாயிகள் உடன்படவில்லை. மாரி பொய்க்கும் ஆண்டில் வயலுக்கே நீர் போதாது என்றனர். அவர்களது மறுப்பினால் திட்டம் திசைமாறிக் கடல்நீரைக் குடிநீராக்கும் வழி தெரிவு செய்யப்பட்டது. தாளையடியில் அமைந்த அந்நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது.

அந்த நீண்ட வாதத்திலே வயலின் பங்கும் நகரத்தின் பங்குமே முன்னின்றன. சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டு, எல்லையும் விரிந்து, 19,500 எக்டேர் அளவுக்கு வளர்ந்துள்ளது. ஆனால் எல்லை விரிந்ததனால் ஆற்றில் ஒரு துளி நீரும் கூடவில்லை. மாரிகாலத்திலே இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படும்போது வெளியேறும் மிகுநீரே இன்றும் கடனீரேரியின் உவர்ப்பைத் தணிக்கின்றது. அக்கதவுகளுக்கு மேலே உள்ள நீரைப் பற்றி விவசாயிகளைக் கேட்ட பின்னரே அரசு முடிவெடுக்கும் நிலை வந்துவிட்டது. கதவுகளுக்குக் கீழே, கடனீரேரிக் கரையில் வாழ்வோர்க்கு வேடந்தாங்கலார் பெற்றது போன்றதொரு கவுல் இன்னும் எழுதப்படவில்லை.