காத்திருக்கவும் காசு வேணும்: அல்டனிட்டி என்ற குதிரையின் கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அறையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து 'சாம்பியன்ஸ்' என்ற பழைய ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். 1984இல் வந்தது. புற்றுநோயில் இருந்து மீண்ட ஒரு குதிரையோட்டியும், காயத்தில் இருந்து மீண்ட ஒரு குதிரையும் சேர்ந்து பிரித்தானியாவின் மிகக் கடினமான பந்தயத்தை வெல்லுகிற கதை. படம் முடிஞ்சதும் எங்களில் ஒருத்தன், "இதெல்லாம் படத்தில மட்டும்தான் மச்சான் நடக்கும்" எண்டான்.

அவன் அதைச் சும்மா சொல்லவில்லை. பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் முன்வரிசையில் விளையாடியவன். உயர்தரம் படிக்கேக்க ஒரு போட்டியில் முழங்கால் தசைநார் அறுந்தது. அதோட அவன்ட ஆட்டம் முடிஞ்சுது. அடுத்த போட்டிக்கு அவன்ட இடத்தில் வேற ஒருத்தன் இறங்கினான். அவ்வளவுதான்.

அவனுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கதையைத் தேடத் தொடங்கினேன். கதை உண்மை. படத்தில் சில இடங்களில் குதிரையாக நடிச்சதே அந்தக் குதிரைதான். ஆனால் தேடத் தேட, 'அதிசயம்' என்ற சொல் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. இது அதிசயத்தின் கதை இல்லை. யாருக்காக ஆட்கள் காத்திருப்பார்கள், அந்தக் காத்திருப்புக்கு யார் காசு கட்டுவார்கள் என்பதன் கதை.

முதலில் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம். எங்கட நாட்டில் குதிரைப் பந்தயம் என்றால் சித்திரை மாதம் நுவரெலியாவில் நடப்பதுதான் ஞாபகத்துக்கு வரும். அது தடையில்லாத தரையில் ஓடுவது. ஸ்டீப்பிள்சேஸ் வேற. ஸ்டீப்பிள் என்றால் தேவாலயத்தின் கூர்மையான கோபுரம். 1752இல் அயர்லாந்தில் இரண்டு பேர், ஒரு ஊர்த் தேவாலயத்தில் இருந்து தூரத்தில் தெரிஞ்ச இன்னொரு ஊர்த் தேவாலயக் கோபுரத்தை இலக்காக வைச்சு, வேலி, மதில், ஓடை எல்லாத்தையும் பாய்ந்து குதிரையில் போட்டி போட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பெயர் அதில் இருந்து வந்தது. பிறகு அந்த வேலிகளையும் பள்ளங்களையும் மைதானத்துக்குள்ளேயே கட்டினார்கள். அப்படியான பந்தயங்களில் பெரியது லிவர்பூலுக்குப் பக்கத்தில் எயின்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நெஷனல். அந்தக் காலத்தில் நாலரை மைல் தூரம், 30 தடைகள். புறப்படுகிற குதிரைகளில் பாதிகூட முடிவுக்கோட்டுக்கு வராத ஆண்டுகள் நிறைய.

அல்டனிட்டி 1970இல் இங்கிலாந்தில் பிறந்த செந்நிறக் குதிரை. வளர்த்தவர் தன்ர நாலு பேரப்பிள்ளைகளின் பெயர்களில் இருந்து இரண்டிரண்டு எழுத்தாக எடுத்து அந்தப் பெயரை வைச்சார். 1974இல் ஏலத்துக்கு வந்தபோது 3,200 கினிக்கு வாங்கியவர் ஜோஷ் கிஃபோர்ட். சசெக்ஸ் மாகாணத்தில் ஃபின்டன் என்ற ஊரில் குதிரைகளைப் பழக்கியவர். அவரும் முன்னாள் குதிரையோட்டிதான், 1967 கிராண்ட் நெஷனலில் இரண்டாவதாக வந்தவர். பிறகு கப்பல் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த நிக் எம்பிரிகோஸ் குதிரைக்குச் சொந்தக்காரர் ஆனார். இந்தத் தகவலை ஞாபகத்தில் வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

1975 ஜனவரியில் அஸ்கொட் மைதானத்தில் முதல் பந்தயம். அதிலேயே வெற்றி. ஓட்டியவர் பொப் சாம்பியன். இந்தக் குதிரை ஒரு நாள் கிராண்ட் நெஷனலை வெல்லும் என்று அவர் ஆரம்பத்திலேயே நம்பினார். ஆனால் 1976இல் தசைநாண் காயம். 1977 கடைசியில் பின்னங்காலில் எலும்புச் சில்லுகள் உடைந்தன. இரண்டு தடவையும் நீண்ட ஓய்வு, இரண்டு தடவையும் திரும்பி வந்தது.

தசைநாண் காயம் பந்தயக் குதிரைக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை. எலும்பும், அதை இழுத்துப் பிடிக்கிற தசைநாண்களும்தான். ஒரு குதிரை சுமார் 500 கிலோ. முழு வேகத்தில் பாயும்போது ஒரு முன்னங்காலில் மட்டும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சுமை விழும். தசைநாண் கிழிந்தால் ஆறும், ஆனால் பழைய மாதிரி ஆறாது. ஆறின இடத்தில் வரும் தழும்பு பழைய இழையைப் போல நெகிழாது. அதனால் திரும்பவும் கிழியும் வாய்ப்பு அதிகம். ஒரு வருடம் பொறுத்திருந்து, மீண்டும் ஓடி, முதல் பந்தயத்திலேயே அதே கால் போன குதிரைகள் ஏராளம். எலும்பு முறிந்தால் நிலைமை இன்னும் மோசம். குதிரையால் மனிசரைப் போல மாதக் கணக்கில் படுத்திருக்க ஏலாது. மற்றக் கால்களில் சுமை கூடி அவையும் பழுதாகும். அதனால்தான் கால் முறிந்த குதிரையைப் பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள்.

அந்தக் காலத்து வைத்தியமும் அப்படித்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குதிரையின் காலில் சூடு வைப்பது பிரித்தானியாவில் அப்போது சாதாரண சிகிச்சை. சூடு வைச்சால் தசைநாண் பலப்படும் என்று நம்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சூட்டால் ஒரு பலனும் இல்லை என்பதுதான் முடிவு. குதிரைகள் குணமானதற்குக் காரணம், சூடு வைச்ச பிறகு கிடைச்ச நீண்ட ஓய்வுதான். நூற்றாண்டுக் கணக்காக இரும்புக்குக் கொடுத்த பெயர் உண்மையில் காலத்துக்குச் சேர வேண்டியது.

இனி 1979. மார்ச் மாதம் செல்ட்னம் கோல்ட் கப் பந்தயத்தில் அல்டனிட்டி மூன்றாவது. முதலாவதாக வந்தது அல்வர்ட்டன் என்ற குதிரை. அதே மாதக் கடைசியில் அல்வர்ட்டன் கிராண்ட் நெஷனலில் ஓடியது. பெச்சர்ஸ் புரூக் என்ற தடையில் விழுந்து செத்தது. கொண்டாடப்பட்ட குதிரை சில கிழமைக்குள் இல்லாமல் போயிற்று. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேணும். மீண்டு வந்த குதிரையின் கதையை நாங்கள் கேட்கிறோம், ஏனென்றால் அது மீண்டு வந்தது. மற்றக் குதிரைகளின் கதையை ஒருத்தரும் படம் எடுப்பதில்லை.

அல்டனிட்டி அடுத்த மாதம் ஸ்கொட்டிஷ் கிராண்ட் நெஷனலில் இரண்டாவது. எல்லாரும் எதிர்பார்க்கத் தொடங்கின நேரம். அந்த ஜூலை மாதத்தில் பொப் சாம்பியனுக்கு விதைப்பைப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். வயது 31. லண்டன் றோயல் மாஸ்டன் வைத்தியசாலையில் அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த கீமோதெரபி சிகிச்சை. தலைமயிர் கொட்டி, உடல் மெலிந்து, படியேறக்கூட ஏலாத நிலை. நவம்பரில் சான்டவுன் மைதானத்தில் குதிரையின் முன்னங்கால் தசைநாண் மீண்டும் போனது. இது மூன்றாவது பெரிய காயம். இனி இந்தக் குதிரை ஓடாது என்பதுதான் பலரின் முடிவு. கொன்றுவிடலாமா என்ற பேச்சும் வந்தது.

இங்கேதான் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, கிஃபோர்ட் எடுத்தது: நீ எப்ப திரும்பி வந்தாலும் உன் வேலை உனக்குத்தான் என்று சாம்பியனுக்குச் சொன்னார். அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். மற்றது, எம்பிரிகோஸ் குடும்பம் எடுத்தது: குதிரையைத் தங்கட பண்ணைக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தார்கள். அங்கே அதைப் பார்த்தவர் பெரில் மிலாம் என்ற பெண். இந்த வேலையில் வீரதீரம் ஒன்றும் இல்லை. முதலில் மாதக் கணக்காக லாயத்துக்குள்ளேயே நிற்க வைக்க வேணும். பிறகு கையில் பிடிச்சு நடத்த வேணும். பிறகு முதுகில் ஏறி வீதியில் மெதுவாக, மைல் கணக்காக நடத்த வேணும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் எல்லாம் வீண். ஒவ்வொரு நாளும் காலைத் தடவி, சூடு இருக்கா, வீக்கம் இருக்கா என்று பார்க்க வேணும். கைதட்ட ஒருத்தரும் இல்லாத வேலை.

அந்த மாதங்களில் குதிரை ஒரு சதம்கூட உழைக்கவில்லை. தீனி, லாயம், மிருக வைத்தியர், ஆட்களின் சம்பளம் எல்லாம் செலவுக் கணக்கு. அதைத் தாங்கக்கூடிய வசதி சொந்தக்காரருக்கு இருந்தது. முன்னம் ஞாபகத்தில் வைச்சிருங்கோ என்று சொன்னது இதுக்குத்தான். அன்பு இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அளவு அன்போடு ஒரு சின்னப் பண்ணைக்காரர் இருந்திருந்தால் அவரால் மூன்றாவது தடவையும் பொறுத்திருக்க முடிஞ்சிருக்குமா?

சாம்பியன் அமெரிக்காவுக்குப் போய் உடம்பைத் தேற்றி, அங்கேயே மீண்டும் பந்தயக் குதிரை ஓட்டத் தொடங்கினார். 1980 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்து திரும்பினார். 1981 பெப்ரவரியில் அஸ்கொட்டில், ஒரு வருடத்துக்கு மேல் ஓடாமல் இருந்த அல்டனிட்டி அவரோடு இறங்கி வென்றது.

1981 ஏப்ரல் 4, கிராண்ட் நெஷனல். 39 குதிரைகள். அல்டனிட்டியின் முதுகில் சுமார் 69 கிலோ. முதல் தடையிலேயே பிழைச்சது. பாய்ந்து இறங்கேக்க மூக்கு நிலத்தில் முட்டுகிற அளவுக்குச் சரிந்து, எப்படியோ எழும்பியது. இரண்டாவது தடையிலும் தடுமாற்றம். பிறகு தாளம் பிடிச்சது. 11ஆவது தடையில் முன்னுக்கு வந்தது, அதுக்குப் பிறகு விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி ஓட்டத்தில் 54 வயது ஜோன் தோர்ன் ஓட்டிய ஸ்பார்டன் மிசைல் நெருங்கி வந்தும், நாலு குதிரை நீள வித்தியாசத்தில் அல்டனிட்டிக்கு வெற்றி.

படம் அங்கே முடியும். வரலாறு முடியாது. அடுத்த ஆண்டு, 1982இல், அதே குதிரை, அதே ஓட்டி, அதே மைதானம். முதல் தடையிலேயே விழுந்தார்கள். நல்ல காலம், இருவருக்கும் பெரிய காயம் இல்லை. முதல் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் அதே தடைதான். முதல் ஆண்டு தப்பியது, இரண்டாம் ஆண்டு தப்பவில்லை. விடாமுயற்சி இருந்தால் வெல்லலாம் என்று இந்தக் கதையை வைச்சுப் பேச்சுப்போட்டியில் பேசுகிறவர்கள் 1982ஐச் சொல்லாமல் விடக்கூடாது.

அதுக்குப் பிறகு அல்டனிட்டி ஓடவில்லை. சாம்பியன் 1983இல் தன் பெயரில் ஒரு புற்றுநோய் நிதியத்தைத் தொடங்கினார். குதிரையும் அதற்காக ஊர் ஊராகப் போய்க் காசு சேர்த்தது. 1997இல், 27 வயதில் செத்தது. உழைக்காமல் லாயத்தில் நின்ற மாதங்களுக்காகச் செலவழிச்ச காசு, பல மடங்காக வேற ஆட்களின் உயிருக்குப் போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் அறை நண்பனுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன், "எனக்கு ஒப்பரேசன் செய்யலாம் எண்டுதான் டொக்டர் சொன்னவர். ஆறேழு மாதம் பயிற்சியும் எடுக்க வேணும் எண்டவர். அந்த ஆறேழு மாதத்தை ஆர் பாக்கிறது?" எண்டான். கேள்வி வடிவாக விளங்கினது. அவனுக்குத் திறமை குறையவில்லை, மனவுறுதியும் குறையவில்லை. எங்கட பள்ளிக்கூட மைதானங்களில் ஒரு பிள்ளை காயப்பட்டால் அடுத்த பெயரை எழுதிவிடுகிறோம். வெற்றிக்குக் கிண்ணம் வைச்சிருக்கிறோம், காயத்துக்கு ஒரு சதமும் ஒதுக்குவதில்லை. பிறகு 'அவனுக்கு அவ்வளவுதான் விதி' என்று கதைக்கிறோம். அல்டனிட்டிக்கும் மூன்று தடவை அதே விதிதான் எழுதப்பட்டது. அதை மாற்றி எழுதினது ஒரு பெண்ணின் பொறுமையும், அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுக்கக்கூடிய ஒரு வீடும்.