காப்பீட்டு முகவருக்கான வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள்: தேர்ந்தெடுக்கும் முறை

காப்பீட்டு முகவர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள் என்பது பாலிசிதாரர்களின் விவரம், பிரீமியத் தவணை, புதுப்பிப்புத் தேதி, கிளெய்ம் நிலவரம், அவர்களோடு பேசிய பேச்சு ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்திருக்கும் கணினிப் பதிவேடு. இந்தியாவில் தனிநபர் முகவர் ஒருவர் ஆயுள், பொது, உடல்நலம் ஆகிய காப்பீடுகளில் தலா ஒரு நிறுவனத்துக்கு முகவராக இருக்கலாம். எல்ஐசி பாலிசியோடு வண்டி இன்சூரன்ஸும் மருத்துவக் காப்பீடும் சேர்த்துப் பார்க்கும் அலுவலகத்தில் முகவரும் ஓரிரு உதவியாளர்களும் இருப்பார்கள். இந்த அளவுக்கு மென்பொருள் தேடுவோர் விற்பனையாளர்கள் நீட்டும் வசதிப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே வழக்கம். அந்த ஒப்பீட்டால் பெரும்பாலும் பயனில்லை. பாலிசியின் மூலப் பதிவு காப்பீட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. முகவரிடம் இருப்பது நகல்தான். அந்த நகல் எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது, மூலத்தில் இல்லாத எதை அது வைத்திருக்கிறது என்று கேட்டாலே தேர்வு பாதி முடிந்துவிடும்.

நகல் பழசாக அதிக நாள் ஆகாது. முன்பு பிரீமியப் பணம் பெரும்பாலும் முகவர் கை வழியாகப் போனது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். இப்போது வாடிக்கையாளர் கைப்பேசியிலேயே கட்டிவிடுகிறார், அல்லது வங்கியிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகிறது. முகவரின் மென்பொருளுக்கு அது தெரியாது. கட்டி முடித்தவரிடம் “இன்னும் டியூ கட்டலையே சார்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த முறை உண்மையாகவே நினைவூட்டும்போது அவர் காதில் விழாது. தொகையும் இப்படித்தான் பிசகுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதுவரை மருத்துவ பாலிசிக்கு 18 சதவீதம், எண்டோவ்மென்ட் பாலிசிக்கு முதல் ஆண்டில் 4.5, பிறகு 2.25 சதவீதம் இருந்தது. 20,000 ரூபாய் பிரீமியத்தை வரியைத் தனியே பிரிக்காமல் 23,600 என்று பதிந்து வைத்திருந்தவர்கள் அன்று ஒவ்வொரு பதிவையும் கையால் திருத்த வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் அப்ளைடு எபிக், ஹாக்சாஃப்ட் போன்ற முகமை மென்பொருள்களுக்குள் அகார்டு என்ற பொது வடிவத்தில் பாலிசி விவரம் நிறுவனங்களிலிருந்து தானாகவே வந்து இறங்கும். இந்தியத் தனி முகவருக்குப் பொதுவாகக் கிடைப்பது நிறுவனத்தின் முகவர் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் பட்டியல். ஆகவே அந்தப் பட்டியலை அப்படியே கொடுத்தால் மென்பொருள் பாலிசி எண்ணைப் பொருத்திப் பார்த்து மாறியதை மட்டும் திருத்துகிறதா, இல்லை ஒவ்வொரு மாதமும் புதுப் பதிவுகளாகக் குவிக்கிறதா என்பதே முதல் சோதனை. இங்கே சின்ன விஷயங்கள்தான் காலை வாரும். பொதுக் காப்பீட்டு பாலிசி எண்கள் பல 15 இலக்கத்தைத் தாண்டுபவை. பட்டியலை எக்செலில் திறந்தால் அது ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். மீதியைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு பாலிசிகள் கடைசி இலக்கங்களில்தான் வேறுபடும் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடும். மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க வழக்கத்தில் அமைந்த மென்பொருள் 05/04 என்ற தேதியை மே 4 என்று படிக்கும். ஏப்ரல் 5-இல் முடியும் கார் பாலிசிக்கு 29 நாள் கழித்து நினைவூட்டல் போகும்.

அந்த 29 நாளின் விலை எல்லாப் பாலிசிக்கும் ஒன்றல்ல. ஆயுள் பாலிசிக்கு மாதத் தவணையென்றால் 15 நாளும், மற்றத் தவணைகளுக்கு 30 நாளும் சலுகைக் காலம் உண்டு; அதற்குள் இறப்பு நேர்ந்தாலும் பாதுகாப்பு இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் மருத்துவ பாலிசியை 30 நாளுக்குள் புதுப்பித்தால் காத்திருப்புக் காலக் கணக்கு அறுபடாது. ஆனால் இடையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் கிடைக்காது. வண்டிக்கோ சலுகைக் காலமே இல்லை. 90 நாள் தாண்டினால் 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். இத்தனை விதியையும் ‘டியூ தேதி’ என்ற ஒற்றைக் கட்டத்தில் அடைக்க முடியாது. பொது விற்பனைத் துறைக்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் பேரம் முடிந்ததும் கோப்பை மூடிவிடும் மனப்பான்மை உடையவை. ஆயுள் காப்பீட்டிலோ பாலிசி தொடர்கிறதா என்பதை 13-ஆம் மாதத்தில் தொடங்கி 61-ஆம் மாதம் வரை அளக்கிறார்கள். ஜோஹோ போன்ற பொது மென்பொருளையும் வேண்டியபடி வளைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வளைக்கலாம்தான். ஆனால் வளைத்த உதவியாளர் வேலையை விட்டுப் போனபின் அடுத்த விதிமாற்றத்தை யார் உள்ளே எழுதுவது என்பதற்கும் முன்கூட்டியே பதில் வேண்டும்.

இனி மூலத்தில் இல்லாதவை. நிறுவனத்தின் பதிவுக்குப் பாலிசி தெரியும், குடும்பம் தெரியாது. கணவரின் எண்டோவ்மென்ட் ஒரு தளத்தில், மனைவியின் மருத்துவ பாலிசி இன்னொன்றில், மகனின் ஸ்கூட்டர் மூன்றாவதில். எல்லாவற்றுக்கும் பணம் ஒரே பையிலிருந்துதான் போகிறது என்பது முகவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. பெயர்களே இந்த இணைப்பைக் குழப்புகின்றன. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும் மென்பொருளில் எஸ். கணேசன் ஓரிடத்தில் கணேசன் எஸ், இன்னோரிடத்தில் கணேசன் சுப்பையா என்று இரண்டு ஆளாகிவிடுவார். பெயரை விட்டுக் கைப்பேசி எண்ணையும் பிறந்த தேதியையும் வைத்து ஆளை அடையாளம் காணும் மென்பொருளே தமிழ்நாட்டுக்குச் சரிப்படும். குடும்பம் என்ற அலகையே அறியாத மென்பொருளை, வேறு எத்தனை வசதி இருந்தாலும், விட்டுவிடுவது நல்லது.

நிறுவனங்களின் தளம் இலவசமாக இருக்க, தனி மென்பொருள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஒரே நிறுவனத்தின் பாலிசிகளை மட்டும் விற்பவருக்கு அந்தத் தளமும் ஒரு நோட்டும் போதும், மென்பொருள் வீண்செலவு. இரண்டாவது நிறுவனம் சேர்ந்த நாளில்தான் நிலைமை மாறுகிறது, ஏனென்றால் ஒன்றின் தளம் மற்றதைப் பார்க்காது. விற்பனையாளர்கள் செய்தி அனுப்பும் வசதியைப் பெரிய வரமாகக் காட்டுவார்கள். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான் இடம், ஆங்கிலத்துக்கு 160. தொலைத்தொடர்பு ஆணையத்தின் 2018 விதிமுறைப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்பதிவு செய்தாக வேண்டும். இந்தப் பதிவை யார் செய்வார் என்று விற்பவரிடம் கேட்டுவிட்டே விலை பேச வேண்டும்.

நகல் வைத்திருப்பவருக்குப் பொறுப்பும் உண்டு. ஆதார் நகல், பான் எண், சர்க்கரை நோய் விவரம், நாமினியின் வயது எல்லாம் சேர்ந்த கோப்பு அது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் எண்முறைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சின்ன அலுவலகத்தின் மீது அவ்வளவு பெரிய தொகை விழும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் முகவரும் உதவியாளர்களும் ஒரே கடவுச்சொல்லில் நுழையும் மென்பொருளில், யார் எதை இறக்கினார் என்பதற்குத் தடயமே இருக்காது.

சோதனைக் காலத்தில் மாதிரித் தரவை ஓட்டிக் காட்டச் சொல்லாமல் சொந்தப் பாலிசிகளில் ஐம்பதை ஏற்றி, நிறுவனப் பட்டியலை இருமுறை கொடுத்துப் பார்ப்பது மேல். கடைசி நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். பாலிசிகள் வந்துவிடும், அவற்றை நிறுவனத்திடமிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி பெறலாம். குடும்ப இணைப்பும், பேச்சுக் குறிப்புகளும், இணைத்த ஆவணங்களும் வருகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதோடு, மென்பொருள் சந்தா ஒரு மாதம் தவறினால் தகவல் எத்தனை நாள் அழியாமல் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.