புள்ளிக்கும் கமாவுக்கும் ஒரு வரலாறு உண்டு



இந்த வாரம் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

உங்களில் பலர் இப்போது பிஎச்.டி. செய்கிறீர்கள். சிலர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வுக் கட்டுரை எழுதுகிறீர்கள். என்னிடம் பேசும்போது எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறீர்கள். என் தங்கை மகள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மாமா, ஆராய்ச்சி முடிஞ்சுது, எழுதியும் முடிச்சாச்சு. இந்த ரெஃபரன்ஸ் பட்டியலுக்குப் புள்ளி, கமா வைக்கிறதுக்குள்ள உயிர் போகுது. ஒரு ஆய்விதழ் ஆண்டை முன்னால போடச் சொல்லுது, இன்னொண்ணு பின்னால போடச் சொல்லுது. இதெல்லாம் யார் கண்டுபிடிச்சது?"

நல்ல கேள்வி. யார், எப்போது என்று தெரிந்துகொண்டால் எதற்காக என்பதும் விளங்கிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் அறிவியல் எழுதியவர்கள், தாம் பயன்படுத்திய நூல்களைப் பெரும்பாலும் பக்கத்தின் அடியில் குறிப்பாக எழுதினார்கள். ஆளுக்கு ஒரு விதம். 1881இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியல் அறிஞர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பொருள், ஓடில்லாத நத்தை ஒன்றின் முட்டை எப்படி முதிர்ந்து, கருவுற்று, பிளவுபடுகிறது என்பது. அதில் முன்னவர் ஒருவரின் ஆய்வைச் சொல்லும் இடத்தில் அவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்தார். முழு விவரம் கட்டுரையின் இறுதியில் இருந்த பட்டியலில். இன்று நாம் ஹார்வர்டு முறை என்று சொல்வதன் மூலத்தைத் தேடிப் போனவர்கள் இந்த நத்தைக் கட்டுரையில்தான் வந்து நின்றார்கள். வகுப்பில் நத்தைப் படம் வரையச் சொன்னால் முகம் சுளித்தவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்!

இதில் என்ன வசதி? யார் சொன்னது, எந்தக் காலத்தில் சொன்னது என்பது வாசிக்கும் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கண் பக்கத்தின் அடிக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை.

அடுத்தது 1929. அமெரிக்க உளவியல் சங்கத்துக்காக ஒரு குழு, கட்டுரைகளை எப்படித் தயாரித்து அனுப்ப வேண்டும் என்று விதிமுறை எழுதி ஓர் ஆய்விதழில் வெளியிட்டது. மொத்தம் ஏழே பக்கம். அதுதான் வளர்ந்து, இன்று 400 பக்கத்தைத் தாண்டிய ஏ.பி.ஏ. கையேடாக உங்கள் மேசையில் இருக்கிறது.

பிறகு 1978. மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். அது தட்டச்சுக் காலம். ஓர் இதழ் திருப்பி அனுப்பிய கட்டுரையை இன்னோர் இதழுக்கு அனுப்ப வேண்டுமென்றால், அந்த இதழின் முறைக்கு ஏற்பப் பட்டியல் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். எல்லா இதழ்களும் ஏற்கும்படி ஒரே முறை இருந்தால் என்ன என்று பேசி முடிவு செய்தார்கள். 1979இல் அந்த விதிகள் வெளிவந்தன. மேற்கோளுக்கு 1, 2, 3 என எண் போடும் வான்கூவர் முறைக்குப் பெயர் வந்த கதை இதுதான்.

பார்த்தீர்களா? இவையெல்லாம் உங்களை வதைக்க வந்தவை அல்ல. படிப்பவரின் நேரத்தையோ எழுதுபவரின் உழைப்பையோ மிச்சப்படுத்த வந்தவை. நம் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்றை வாசகரின் நேரத்தைக் காப்பதற்கென்றே ஒதுக்கினார். ரெஃபரன்ஸ் பட்டியலுக்கும் அதுவே விதி. ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம் என்பது ஒரு முகவரி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த வீடு இருக்க வேண்டும்.

வீடே இல்லாத முகவரியும் உண்டு. ஒரு பெரிய பதிப்பகம் தன் வழிகாட்டிக் குறிப்பில், ரெஃபரன்ஸ் எப்படி எழுத வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரி கொடுத்திருந்தது. மூன்று ஆசிரியர்கள், 2000ஆம் ஆண்டு, தொகுதி 163, பக்கம் 51 முதல் 59 வரை. தலைப்பு, அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றியது. அப்படி ஒரு கட்டுரை உலகத்தில் கிடையாது, வெறும் மாதிரி. ஆனால் ஏறக்குறைய 400 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருப்பது 2017 வாக்கில் வெளியே வந்தது. மாதிரிப் படிவத்தில் இருந்ததைப் பலர் நீக்காமலே அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் புள்ளியும் கமாவும் சரியாகவே இருந்தன.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அடுத்தது அப்படி அல்ல.

1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஐந்தே வாக்கியம் கொண்ட ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்தபோது அபின் வகை மருந்து பெற்றவர்கள் 11,882 பேர். முன்பு அப்பழக்கம் இல்லாதவர்களில் அடிமையானதாகத் தெரிந்தது நான்கு பேர் மட்டும் என்றது அது. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும், இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அபூர்வம் என்பதற்குச் சான்றாக அதைக் கட்டுரைக்குக் கட்டுரை எடுத்துப்போட்டார்கள். 2017இல் கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டிய கட்டுரைகள் 608. அவற்றில் 439, அடிமையாவது அரிது என்பதற்கு அதையே ஆதாரமாக்கியிருந்தன. அவர்கள் உள்நோயாளிகள் என்பதை 491 கட்டுரைகள் சொல்லவே இல்லை. வட அமெரிக்காவில் வலி மாத்திரைகளால் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்பதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்த அழிவுக்கு இப்படி மேற்கோள் காட்டியதும் துணைபோனது என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு.

இங்கே முகவரி சரி, வீடும் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தவர்கள்தான் குறைவு. ஐந்து வாக்கியம் படிக்க ஒரு நிமிடம் போதும்.

இப்போது புள்ளி, கமா வைக்க ஜோட்டெரோ, மெண்ட்லி போன்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. அந்த வேலையை அவற்றிடமே விடுங்கள், தவறில்லை. ஆனால் இல்லாத கட்டுரைக்கு அழகான ரெஃபரன்ஸ் செய்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். அந்தத் தீர்ப்புகளும் பார்வைக்கு முறைப்படிதான் இருந்தன.

ஆகவே பிள்ளைகளே, பட்டியலில் ஒன்றைச் சேர்க்கும் முன் அந்தக் கட்டுரையைத் திறங்கள். சுருக்கத்தோடு நிறுத்தாமல், நீங்கள் சொல்லப்போகும் செய்தி எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில் இருக்கிறது என்று பென்சிலால் குறித்துவையுங்கள். யாரிடம், எந்த நிலையில் செய்த ஆய்வு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். திறக்க முடியவில்லை என்றால் அதைச் சேர்க்காதீர்கள். 40 ரெஃபரன்ஸ் 25 ஆகக் குறைந்தாலும் நட்டமில்லை. உங்கள் பட்டியலை நம்பி நாளைக்கு ஒரு டாக்டர் மருந்துச் சீட்டு எழுதக்கூடும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.